கசிவுப் பட்டியலில் முதல் பெயர்

மார்ச் 4, செவ்வாய்

பத்து மணிக்குக் கூட்டம். பதினொன்றுக்குள் வேலை என் தலையில்.

நோயாளிகளின் விவரம் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே கசியாமல் தடுக்க விதிகள் எழுத வேண்டும். மே முதல் தேதி அமலுக்கு வர வேண்டும். எங்கள் துறைத் தலைவர், யார் பேசினாலும் பாதியில் நறுக்கிவிடுவதால் நான் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்திருக்கும் மனிதர், "ரெண்டு மாசம் தாராளம்" என்றார். "தாராளம்னா, கிளவுட்ல இருக்கறதை மட்டும்னா..." என்று ஆரம்பித்தேன். "எல்லாத்துக்கும்தான்" என்று நறுக்கினார்.

எல்லாம் என்றால்? மெயில், பொதுக் கோப்புறைகள், அரட்டை ஆகியவை மூன்று வருடமாகக் கிளவுடில். பழைய ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் இன்னும் கீழ்த்தளத்துச் சர்வர்களில். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இரண்டுக்கும் ஒரே வேலி போட வேண்டும்.

இதைக் காகிதத்தில் எழுதுகிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுதினால் என் விதியே நாளை என்னைப் பிடிக்கும்.

மார்ச் 6, வியாழன்

விதியை எழுதும் முன் அதன் நோக்கத்தைச் சாதாரண மொழியில் ஒரே வாக்கியமாக எழுதிப் பார்ப்பது என் பழக்கம். இன்று அந்த ஒரு வாக்கியத்துக்கு அரை நாள் போனது.

"நோயாளி எண்ணும் மருத்துவக் குறிப்பும் சேர்ந்திருக்கும் எதுவும் வெளி முகவரிக்குப் போனால் நிறுத்து, அனுப்பியவருக்குச் சொல், எங்களுக்கும் சொல்."

எழுதிவிட்டுப் பார்த்தால் 'வெளி' என்ற சொல் முள்ளாக நிற்கிறது. எது வெளி? ஊழியரின் சொந்த மெயில் வெளியா? அவருடைய போன்? வேறு ஆஸ்பத்திரியில் இருக்கும் நிபுணர்?

கத்தரிக்கோல் சொன்னார்: "கேட்டுக்கு அந்தப் பக்கம் எல்லாம் வெளி."

மார்ச் 10, திங்கள்

கீழ்த்தளத்துச் சர்வர் அறைக்குப் போனேன். ஜன்னல் கிடையாது. குளிர்சாதன இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும். அங்கே வேலை பார்ப்பவர் வருடம் முழுக்க ஸ்வெட்டரில் இருக்கிறார்.

கிளவுடில் விதி போட்டால் சில மணி நேரத்தில் எல்லா மெயில் பெட்டிக்கும் போய்விடும். இங்கே ஒவ்வொரு சர்வரையும் துழாவ ஒரு தனி மென்பொருளை நிறுவ வேண்டும். அதற்கு ஒரு தனிக் கணக்கு, அதற்கு அனுமதி, அனுமதிக்குக் கடிதம். மார்ச் முடியும் என்கிறார்.

"அதுவரைக்கும் என்ன பண்றது?"

"வாசல் கதவுக்கு மூணு பூட்டு, கொல்லைக் கதவு திறந்தபடி. திருடனுக்கு விவரம் தெரியாம இருந்தா சரி."

சிரித்தேன். இன்று சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

மார்ச் 12, புதன்

விதியை 'கவனிப்பு மட்டும்' நிலையில் ஓடவிட்டேன். அதாவது, பிடிக்கும்; ஆனால் தடுக்காது. அனுப்பியவருக்குத் தெரியவும் செய்யாது. எங்கே தவறாகப் பிடிக்கிறது என்று பார்த்துத் திருத்துவதற்கு.

ஒரே நாளில் 940 மெயில் பிடிபட்டன. பார்த்தால், நோயாளி எண்ணும் கிடங்குச் சரக்கு எண்ணும் ஒரே மாதிரி ஒன்பது இலக்கம். படுக்கை விரிப்புகள் எல்லாம் நோயாளிகளாகிவிட்டன.

மார்ச் 13, வியாழன்

விரிப்புகளைக் கழித்தாகிவிட்டது. 206.

மார்ச் 17, திங்கள்

கத்தரிக்கோல் என் மேஜைக்கே வந்தார். கடந்த ஒரு வருடம் அனுப்பப்பட்ட மெயில்களையும் துழாவ வேண்டுமாம். அதிகம் அனுப்பிய முதல் பத்துப் பேரின் பட்டியல் 28ஆம் தேதி ஒழுங்குக் குழுவுக்குப் போக வேண்டுமாம்.

"சார், இது பழக்கத்தைத் தெரிஞ்சுக்கறதுக்காக ஓடவிட்டது. யாரையும் தண்டிக்கறதுக்கு இல்ல. அவங்களுக்கு இப்படி ஒரு விதி வரப்போகுதுன்னே..."

"தெரிஞ்சுக்கிட்டாச்சு இல்ல? அப்புறம் என்ன?"

மார்ச் 18, செவ்வாய்

முதல் பெயர் அண்ணி.

311 மெயில்கள். எல்லாம் அவருடைய ஆஸ்பத்திரிக் கணக்கிலிருந்து அவருடைய சொந்த மெயிலுக்கு.

நான் ஏன் இதை எதிர்பார்க்கவில்லை? தினமும் கண் முன்னால்தானே நடக்கிறது! டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் குறிப்புகளைக் கேட்டு டைப் அடிப்பது அண்ணியின் வேலை. முன்பு அந்தப் பிரிவில் மூன்று பேர். ஒருவர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இடம் அப்படியே காலி. ஐந்து மணிக்குள் முடியாததை அண்ணி தனக்கே அனுப்பிக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எட்டு மணிக்குள் அடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவேன். அவர் காதில் ஓடுவது நோயாளி விவரம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. அது வீடு. அவர் அண்ணி. அவ்வளவுதான்.

நான் அந்த வீட்டுக்கு இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள். விவாகரத்து முடிந்த கையோடு. ஆறு வருடம் ஆகிறது. அண்ணன் லாரியோடு மாதத்தில் இருபது நாள் வெளியூர். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

பட்டியலில் இரண்டாவது பெயர் அறுவை சிகிச்சை டாக்டர். 274. படங்களைத் தன் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொண்டு போனில் பார்க்கிறார். ஒழுங்குக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர்.

மார்ச் 19, புதன்

காலையில் ஒரே பஸ்ஸில்தான் போகிறோம். அண்ணி ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். விசாரணையில் இருப்பவரிடம் அது பற்றிப் பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"ஏன் உம்முனு இருக்கே? கத்தரிக்கோல் மறுபடியும் நறுக்கிட்டாரா?"

"ஆமா அண்ணி."

பொய் இல்லை. அதனால்தான் இன்னும் மோசம்.

மார்ச் 20, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

311ஐயும் வரிசையாகப் பார்த்தேன். பார்க்க வேண்டியது என் வேலை. தவறாகப் பிடித்தவற்றைக் கழிக்க வேண்டும். ஒலிப்பதிவின் பெயரே நோயாளி எண்தான். செப்டம்பர் 19 தேதியில் ஓர் எண். கண் அதைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.

அது என் எண்.

போன செப்டம்பரில் மார்பில் கட்டி. இதே ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். வீட்டில் மூன்று நாள் பயிற்சிக்கு வெளியூர் போவதாகச் சொன்னேன். கெட்ட கட்டி இல்லை, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்கள். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தடவை பெட்டியும் கையுமாக வந்து நின்றவள், இன்னொரு தடவை எல்லாரும் பரிதாபமாகப் பார்க்கும்படி நிற்க முடியாது என்றுதான்.

அந்தக் குறிப்பை டாக்டர் பேசிப் பதிவு செய்திருப்பார். யாரோ கேட்டு அடித்திருப்பார்கள். எந்தச் சர்வரிலிருந்து எந்தச் சர்வருக்கு எது போகிறது என்று சுவர் அளவுக்குப் படம் வரைந்து வைத்திருக்கிறேன். அதில் ஒரு மனுஷியின் காது இல்லை.

திரும்பி வந்த அன்று, துவைத்த துணியைக் கொடியில் போடப் போனேன். அண்ணி வாளியைப் பிடுங்கினார். "கொடு. டாக்டர் எனக்குக் கையைத் தூக்கிப் பயிற்சி பண்ணச் சொல்லியிருக்கார்." ஒரு மாதம் என்னைக் கொடிப் பக்கமே விடவில்லை. மேல் அலமாரியில் இருந்த பாத்திரமெல்லாம் கீழே வந்துவிட்டது. நான் ஏதோ ஒழுங்குபடுத்துகிறார் என்று நினைத்தேன்.

தெரிந்திருக்கிறது. ஆறு மாதமாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்த பரிசோதனை இந்த மாதம். நான் இன்னும் நேரம்கூடக் கேட்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

என்ன செய்தேன் என்று ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பட்டியலில் ஒரு நிபந்தனை சேர்த்தேன். 'டைப் பிரிவு நீங்கலாக.' நான்கு சொடுக்கு. அண்ணி பெயர் மறைந்தது. டாக்டர் முதலிடத்துக்கு வந்தார். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதே பிரிவில் இன்னொருவரும் இருக்கிறார், அவர் பெயரும் போய்விட்டது. அது நியாயம் போலத் தெரிந்தது. ஆனால் நான் அவருக்காகச் செய்யவில்லையே?

இருபது நிமிடம் கழித்து நிபந்தனையை எடுத்துவிட்டேன். பெயர் திரும்பி வந்தது.

எதைச் செய்தாலும் துரோகம். அவருக்கு இல்லை என்றால் வேலைக்கு. ரெண்டுக்கும் நடுவுல நான் எங்க போய் நிக்கறது?

மார்ச் 25, செவ்வாய்

விதியில் யார் எதை மாற்றினாலும் பதிவாகும். அந்தப் பதிவு தினமும் காலையில் கத்தரிக்கோலுக்குப் போகும். அப்படி அமைத்ததும் நான்தான்.

"நேத்து நாலு பத்துக்கு ஒண்ணைச் சேர்த்திருக்கீங்க. நாலு முப்பதுக்கு எடுத்திருக்கீங்க. என்ன அது?"

"முதல் பேர் என் அண்ணி சார்."

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் எதையும் நறுக்கவில்லை. "இதை 18ஆம் தேதியே சொல்லியிருக்கணும்" என்றார். உண்மைதான்.

பட்டியல் என் கையை விட்டுப் போனது. விதிகளைத் திறக்கும் உரிமையும் போனது. மேஜை மட்டும் இருக்கிறது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் நான் எழுதிய விதியைப் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

அண்ணிக்கு இன்று மதியம் கடிதம் போயிருக்கிறது. பஸ்ஸில் ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்து வழக்கம்போல மேஜையைத் துடைத்தார். ஹெட்போனை எடுத்தார், மறுபடி பையிலேயே வைத்தார்.

"இன்னிக்கு வேலை இல்லையா அண்ணி?"

"இன்னிக்குக் கொஞ்சம்தான். அங்கேயே முடிச்சிட்டேன்."

பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து செய்தோம்.

ஏப்ரல் 3, வியாழன்

விசாரணை. இரண்டாம் மாடிக் கூட்ட அறை. ஐந்து பேர் குழு. விதியை விளக்க என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணி எனக்கு நேர் எதிரில். வெளுத்திருந்தார், ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஊழியர் பிரிவு அதிகாரி கேட்டார்: "வீட்டுக்கு அனுப்பினது வேற யார் கையிலயும் போகலைன்னு எப்படிச் சொல்றீங்க? வீட்ல யார் இருக்காங்க?"

"நானும் என் நாத்தனாரும்."

"அதாவது, இவங்க." பேனா என் பக்கம் திரும்பியது. "நீங்க ஏதாவது பார்த்ததுண்டா?"

"இல்ல."

"சொந்தக்காரங்க. வேற என்ன சொல்வீங்க?"

அறுவை டாக்டர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த கேள்வி தன்னிடம் வந்துவிடுமோ என்ற பயம். என் வாய் தானாகத் திறந்தது.

"அந்த முன்னூத்திப் பதினொண்ணுல ஒண்ணு என்னோடது. செப்டம்பர்ல இங்கதான் எனக்கு மார்புல கட்டி எடுத்தாங்க. வீட்ல சொல்லல, பயிற்சின்னு பொய் சொல்லிட்டு வந்தேன். அந்தக் குறிப்பை அடிச்சது இவங்க. ஒரே வீடு, ஒரே மேஜை. ஆறு மாசமா என் அண்ணன்கிட்ட சொல்லல. தனக்குத் தெரியும்னு என்கிட்டயே காட்டிக்கல. எனக்கே கசியாதது வேற எங்க கசிஞ்சிருக்கும்?"

டாக்டர் தலையைத் தூக்கினார். "என்னோடது இருநூத்தி எழுபத்தி நாலு" என்றார். "அதையும் எழுதிக்கோங்க. ரிப்போர்ட் காலையில எட்டு மணிக்கு என் மேஜையில இருந்தாத்தான் நான் கத்தியை எடுக்க முடியும். அது எங்க அடிக்கப்படுதுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. கேட்டிருக்கணும்."

அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை.

பஸ் நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டார்.

"நடுச்சபையில போட்டு உடைச்சிட்டியே."

"உங்களுக்காகத்தான் அண்ணி."

"நான் கேட்டேனா? என்னைக் காப்பாத்துன்னு உன்கிட்ட வந்து நின்னேனா?" பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டார். "டாக்டர் வயசு சொன்னாரு, எண் சொன்னாரு. அப்புறம் 'நம்ம கம்ப்யூட்டர் பிரிவு ஊழியர்'னு சொன்னாரு. ஹெட்போனைக் கழட்டிட்டுக் குளியலறையில போய் அழுதேன். திரும்பி வந்து உக்காந்து அடிச்சேன். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. நீயா வந்து சொல்லுவேன்னு ஆறு மாசம் காத்திருந்தேன். சொன்னே. அஞ்சு பேர் முன்னாடி. என்கிட்ட சொல்லல."

பஸ் வந்தது. அண்ணி முன்னால் ஏறிப் போய் முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றுகொண்டே வந்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

பேச்சு இல்லை.

ஏப்ரல் 5, சனி

அண்ணன் வந்திருக்கிறான். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, சொன்னது அண்ணி இல்லை. என் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். "பயிற்சி நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான். கோபமா அழுகையா, இரண்டுமா. பதில் சொல்வதற்குள் போய்விட்டான்.

ஏப்ரல் 9, புதன்

முடிவு வந்தது. அண்ணிக்கு எழுத்துப்பூர்வ எச்சரிக்கை. டாக்டருக்கும் அதே. வீட்டுக்கு எதையும் அனுப்பக் கூடாது என்று எல்லாருக்கும் சுற்றறிக்கை. தடையை மே வரை காத்திருக்காமல் இன்றே போட்டுவிட்டார்கள், கிளவுடில் மட்டும். கீழ்த்தளம் இன்னும் தயாரில்லை.

எனக்கும் எச்சரிக்கை, உறவை மறைத்ததற்கு. அடுத்த வாரம் முதல் கீழ்த்தளத்துக்கு மாற்றம். விதிகளை இனி வேறொருவர் பார்ப்பார்.

இதையும் அண்ணியிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு ஒரு வியாதி போல.

ஏப்ரல் 15, செவ்வாய்

எனக்கும் ஒரு ஸ்வெட்டர் ஆகிவிட்டது. காலையில் போனால் மாலையில்தான் வெளிச்சம். இரைச்சலில் யாரோடும் பேச வேண்டாம் என்பது ஒன்றுதான் வசதி.

சர்வர் அறைக்காரர் சொன்னார்: ஆறு நாளில் நூற்று நாற்பது குறிப்புகள் தேங்கிவிட்டன. இன்று காலை இரண்டு அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அறுவை டாக்டர் ஒருவர் கையில் பென் டிரைவைக் கொடுத்து இங்கே அனுப்பியிருந்தார், கொல்லைக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்க. திறந்திருக்கவில்லை என்று சொல்லி நான் திருப்பி அனுப்பினேன். அது சரியா என்று தெரியவில்லை.

அண்ணி ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறார். மேஜை காலியாக இருக்கிறது. இரண்டு பேரும் அதைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

ஏப்ரல் 17, வியாழன்

மதியம் மேலே போனேன், கூப்பிடாமலே. கத்தரிக்கோலிடம் இரண்டு பக்கம் கொடுத்தேன். டைப் பிரிவுக்கு ஆஸ்பத்திரியே மடிக்கணினி கொடுப்பது. குறிப்பு அதை விட்டு வெளியேறாமல் இருப்பது. வேறு எங்காவது அனுப்ப முயன்றால் உடனே தடுக்காமல் எச்சரித்து, காரணத்தை எழுத வைத்து, அதை ஒருவர் தினமும் படிப்பது. காலி இடத்துக்கு ஆள் போடுவது. நோக்க வாக்கியத்தையும் மாற்றியிருந்தேன். 'நிறுத்து' என்பதற்கு முன்னால் 'ஏன் என்று கேள்' என்று சேர்த்தேன்.

"இது உங்க வேலை இல்ல இப்ப."

"தெரியும் சார்."

வாங்கி வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மடிக்கணினி வந்துவிட்டது. ஆள் வரவில்லை. இரண்டில் ஒன்று.

அண்ணி மேஜையில் வைத்துத் திறந்தார். எதையோ அழுத்தினார், மஞ்சள் பெட்டி ஒன்று குதித்தது. பழைய பழக்கத்தில் தன் சொந்த மெயிலைப் போட்டுவிட்டிருக்கிறார். இருபத்தாறு நாளுக்குப் பிறகு என் பக்கம் திரும்பினார்.

"காரணம் கேக்குது. என்ன போடறது?"

"உள்ளதைப் போடுங்க."

'கை பழக்கம்' என்று அடித்தார். பிறகு அழித்தார், அனுப்பவில்லை. ஹெட்போனை மாட்டும் முன், திரையைப் பார்த்துக்கொண்டே, "மார்ச்ல போக வேண்டியது இல்லையா நீ?" என்றார்.

எது என்று கேட்கவில்லை. "ஆமா. போகலை" என்றேன்.

"பயமா?"

"பயம்தான் அண்ணி. ரொம்ப."

சொல்லிவிட்டேன். கேட்டதும் அவர், சொன்னதும் அவரிடம்.

மே 6, செவ்வாய்

பதினொரு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அண்ணி அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். ஸ்கேன் முடிந்து டாக்டர் அறையில் உட்கார்ந்தபோது என் கைப்பையை அவர் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். தன் பையைவிட இரண்டு மடங்கு கனம் என்று முணுமுணுத்தார்.

டாக்டர் படத்தை இப்படியும் அப்படியும் பார்த்தார். புதிதாக ஒன்றும் இல்லை என்றார். தழும்பு ஓரத்தில் சின்னதாக ஒரு நிழல். தழும்பாகத்தான் இருக்கும், மூன்று மாதத்தில் மறுபடி பார்த்துவிடலாம் என்றார். முழு விடுதலை இல்லை. பரவாயில்லை.

அப்படியே பதிவுக் கருவியை எடுத்து, என் வயது, எண், தேதி என்று கடகடவென்று பேச ஆரம்பித்தார். அண்ணி முன்னால் சாய்ந்தார்.

"டாக்டர், கொஞ்சம் நிதானமா. நாளைக்கு இதை நான்தான் அடிக்கணும்."

டாக்டர் என்னைப் பார்த்தார், சம்மதமா என்பது போல. நான் தலையசைத்தேன். அவர் பதிவை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார், ஒவ்வொரு சொல்லாக.